யாரும் எழாத மறைபொருள்

புனித மோனிக்கா ரோஜாவின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு லெயோகாதியா தன் நீலநிற நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அன்றாடக் கோட்டு வீட்டு ஆணியில் தொங்கியது. இந்த மாதத்து அட்டை அதன் பையில் இருந்தது.

ரோஜா என்றால் இருபது பெண்கள். இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்ச்சிகளான செபமாலையின் இருபது மறைபொருள்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் வீட்டில், அடுப்படியிலோ மாட்டுக் கொட்டகையிலோ, தினமும் தன் பங்கைச் சொல்லிவிடுவார்கள். இருபதும் சேர்ந்தால் ஊருக்கு ஒரு முழுச் செபமாலை. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் மறைபொருள் அட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். மாற்றிக் கொடுப்பவள் தலைவி லெயோகாதியா. எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது அவளுடையது.

மிஞ்சியதை அவள் திருப்பிப் பார்த்தே வெகுநாளாயிற்று. வசந்தத்தில் ஒருநாள் மணிமாலையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். மறுநாளும் அப்படியே. அப்புறம் மணிமாலையை எடுப்பதே நின்றுவிட்டது. வீட்டில் சாவில்லை, நோயில்லை, கடவுளோடு பிணக்கும் இல்லை. ஒரு காரணமாவது இருந்திருந்தால் வெட்கம் இவ்வளவு இருந்திருக்காது.

பூசை முடிந்ததும் புதிதாக வந்திருந்த இளம் குருவானவர் தமியன் பீடத்திலிருந்து இறங்கி வந்து முன் பெஞ்சுக்கு எதிரே நின்றார்.

"இன்னிக்கு நான் பிரசங்கம் வைக்கப் போறதில்ல."

"ஆண்டவருக்கு நன்றி" என்றாள் ஹெர்மினா, பக்கத்திலிருப்பவளுக்கு மட்டும் சொல்வதுபோல.

"கேட்டுச்சும்மா" என்றார் குரு. கோவிலே சிரித்தது. "ஐம்பது வருஷமா வீட்டுல தனித்தனியாச் சொன்னதை இன்னிக்கு ஒண்ணாச் சொல்வோம். நான் மறைபொருள் பேரைச் சொல்றேன். அது யாரோடதோ அவங்க எழுந்து ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லணும். ஒண்ணு போதும், மண்டபத்துல சூப் ஆறிடும்."

லெயோகாதியாவின் கை கோட்டுப் பைக்குள் போனது. அட்டை வீட்டில், மற்றக் கோட்டில் இருந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. இருபது பேரும் வந்திருக்கிறார்கள். எதற்கு யாரும் எழவில்லையோ அதுதான் தன்னுடையது. ஒரு மூச்சு பொறுத்து எழுந்தால் ஆயிற்று.

முதல் மறைபொருளுக்கு ஒருத்தி எழுந்து சொன்னாள். "மரியா எலிசபெத்தைச் சந்தித்தது" என்றார் குரு. யாரும் எழவில்லை. லெயோகாதியா ஒரு மூச்சு பொறுத்தாள், எழுந்தாள், "அருள் நிறைந்த" என்று தொடங்கினாள்.

"ஏ, அது என்னோடது!" காது மந்தமான அப்போலோனியா கைத்தடியை ஊன்றி அப்போதுதான் பாதி எழுந்திருந்தாள். "என்கிட்டேயிருந்து அதையும் பிடுங்கணுமா உனக்கு?"

மறுபடி சிரிப்பு. லெயோகாதியாவும் சிரித்துவைத்து உட்கார்ந்தாள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை என்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் கெனோவேஃபா, பழகியவர்களுக்குக் கேனியா.

மூன்று வருஷத்துக்கு முன் கெனோவேஃபாவின் புருஷன் பேச்சற்றுக் கிடந்த மாதத்தில், சில நாள் செபம் விட்டுப்போனதாக அவளே அட்டை மாற்றும்போது சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். "பத்தொம்பது பேர் சொன்னதும் உன்னால நொண்டிப்போச்சு" என்று லெயோகாதியா எல்லோர் முன்னாலும் சொன்னாள். குளிர்காலம் முடியும்வரை கெனோவேஃபா கூட்டத்துக்கு வரவில்லை.

செபம் மகிழ்ச்சி மறைபொருள்களைத் தாண்டி, ஒளி மறைபொருள்களைத் தாண்டி, துயர மறைபொருள்களுக்கு வந்தது.

"இயேசு முள்முடி தரித்தது."

யாரும் எழவில்லை. லெயோகாதியாவின் முழங்கால் எழச் சொன்னது. இன்னொரு கைத்தடிச் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயம் அவளை அழுத்திப் பிடித்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. குரு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

பின்னாலிருந்து கெனோவேஃபா எழுந்தாள். "மன்னிச்சுக்கோங்க ஃபாதர், என்னோடதுதான். கொஞ்சம் கவனிக்கல." சொல்லி முடித்து உட்கார்ந்தாள்.

லெயோகாதியாவுக்குப் புரிந்துவிட்டது: அது தன்னுடையது, கெனோவேஃபா தனக்காக எழுந்திருக்கிறாள். இனி கெனோவேஃபாவின் இடம் காலியாக வரும். அங்கே தான் எழுந்தால் கணக்கு நேராகிவிடும், யாருக்கும் தெரியாது.

"தூய ஆவியார் இறங்கி வந்தது."

யாரும் எழவில்லை. லெயோகாதியா எழுந்தாள். வாயைத் திறந்தாள். வேறு வார்த்தை வந்தது.

"இது என்னோடது இல்ல, ஃபாதர். கேனியாவோடது. அப்போ அவ சொன்னதுதான் என்னோடது. எனக்கு எதுன்னே தெரியாம இருந்துச்சு. வசந்தத்துலேர்ந்து நான் சொல்றதே இல்ல."

"என்ன சொல்றா?" என்று அப்போலோனியா கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவள் குனிந்து முணுமுணுத்தாள்.

"கேக்கலடி!"

"செபமே சொல்றதில்லையாம்!" அது பாடகர் மேடை வரை எதிரொலித்தது.

குரு ஒருமுறை பின் பெஞ்சிலிருந்த கெனோவேஃபாவைப் பார்த்தார். "சரிம்மா. இப்போ சொல்லுங்க" என்றார். அவள் சொன்னாள். குழந்தைப் பருவத்தில் கற்ற வார்த்தை பாதியில் தடுக்கியது. மற்றவர்கள் முடித்துக்கொடுத்தார்கள்.

மண்டபத்தில் எல்லோரும் அவளிடம் அதிகப் பிரியமாக இருந்தார்கள். ஒருத்தி உப்பை நகர்த்தி வைத்தாள், ஒருத்தி முழங்கால் வலியை விசாரித்தாள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. கெனோவேஃபா சூப் பாத்திரத்தோடு வந்து, அவள் தட்டில் ஊற்றியபடியே தணிந்த குரலில் கேட்டாள்:

"இப்போ மனசு லேசாச்சா?"

"கேனியா, நான்..."

"உன் மானத்தை நான் மூடி வெச்சேன். நீ என்னைக் காட்டிக்கொடுத்துட்ட. ஆண்டவர் வீட்டுல நின்னு பொய் சொன்னவ இப்போ நான். ஃபாதர் என்னை எப்படிப் பாத்தார்னு கவனிச்சியா?"

"அதை நான் யோசிக்கல."

"நீ எப்பவும் அப்படித்தான். உண்மை பேசணும்னா பேசிடுவ. யார் மேல விழுதுன்னு பாக்க மாட்ட."

பாத்திரம் அடுத்தவளிடம் போய்விட்டது. எழுந்து உண்மையைச் சொன்னபோது, அன்றைக்கு இதைவிடக் கடினமானது ஒன்றும் இருக்காது என்று லெயோகாதியா நினைத்திருந்தாள்.

"தலைவி எங்கே? கேக்கை யார் வெட்டுறது?" என்று ஹெர்மினா கத்தினாள். நீ இனி தலைவி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பாலாடைக்கட்டிக் கேக்கின் முன் கத்தியோடு நின்றாள். முதல் துண்டு வழக்கமாகக் குருவானவருக்கு. அவள் அதை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் கடைசி மேசைக்கு நடந்தாள்.

கெனோவேஃபா நிமிரவில்லை. "அங்க வை" என்றாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. அதை எடுக்கவில்லை.

"ஃபாதர் பாத்துட்டு உக்காந்திருக்கார், லெயோகாதியா! மத்தவங்களுக்கு யார் வெட்டுவா?" என்று ஹெர்மினா கேக் மேசையருகிலிருந்து கூப்பிட்டாள்.

திரும்பிப் போய் வெட்டினாள். ஒவ்வொரு தட்டாக நீட்டினாள். முகங்களைப் பார்க்கவில்லை, வாங்கிக்கொண்ட கைகளை மட்டும் பார்த்தாள். அவை யார் யாருடையவை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.