ஒரு கரண்டி கூடுதல்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பதில்லை, மீனைத்தான் பார்ப்பார்கள். ஆறடி நீளத் தொட்டி, ஹாலில் ஒரு சுவர் முழுக்க. உள்ளே பதினொரு சிக்லிட். ஆப்பிரிக்காவின் பெரிய ஏரி ஒன்றிலிருந்து வந்த இனம். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், வெளிறிய உடம்பில் கறுப்புப் பட்டை, நெற்றியில் புடைத்துக்கொண்டு ஒரு மண்டை. இருப்பதிலேயே பெரியதற்கு மண்டையன் என்று பேர். விரல் நீளத்தில் வாங்கி வந்து ஆறு வருஷம் வளர்த்தேன். வந்தவர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். "ஆரம்பிச்சாச்சா பிரசங்கம்" என்று என் மனைவி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பிரசங்கம் இதுதான். இந்த மீன்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்தால் ஒன்று ராஜாவாகி மற்றதையெல்லாம் மூலையில் ஒதுக்கி மொத்தும். கூட்டமாக வைத்தால் யாரை மொத்துவது என்று தெரியாமல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எங்கள் ஆபீஸ் மாதிரிதான். ஆனால் கூட்டம் கூடினால் கழிவும் கூடும். அதனால் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இரண்டு பெரிய ஃபில்டர் ராத்திரி பகலாக ஓட வேண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்வதும் அதுதான், கிளறிவிட்டு மீனுக்கு மூச்சுக் கொடுப்பதும் அதுதான். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது மட்டும் அணைக்கலாம், நிரப்பியதும் போட்டுவிட வேண்டும். கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் இதை வகுப்பெடுத்திருக்கிறேன். மீன் கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல நழுவுவார்.

போன மாதம் நானும் மனைவியும் நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. மீனுக்குத் தீனி போடும் வேலையை மாமாவிடம் ஒப்படைத்தோம். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். முப்பத்தொரு வருஷமாக ஒரே மருந்துக் கடையில் வேலை. எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு, யாருக்கு எத்தனை மில்லிகிராம் எல்லாம் மனப்பாடம். இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கர்வம். ஒரு நாளைக்கு ஒரு கரண்டி என்று தீனிக் கரண்டியைக் கையில் கொடுத்தபோது, தலை தட்டியா, குவித்தா என்று கேட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

கிளம்புகிற அன்று காலையில் தண்ணீர் மாற்றினேன். நிரப்பி முடிக்கவும் வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. மனைவி பெட்டியைத் தூக்கச் சொன்னாள். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாமா ஃபோன் செய்தார். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, எதற்கும் என் காதில் போட்டு வைக்கலாமென்று கூப்பிட்டதாகச் சொன்னார். மூச்சுக்குத் தவிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்ல முடியாது. வேறு எவனாவது கேட்டிருந்தால் அரைமணி நேரம் வகுப்பெடுத்திருப்பேன். அப்போது நான் பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் இல்லை. பசிதான் மாமா, இன்னும் ஒரு கரண்டி கூடப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். மாமா முன்னாலேயே வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. காலையிலிருந்து கூப்பிடுகிறாராம், வழியில் எங்களுக்கு லைன் கிடைக்கவில்லை. தொட்டியில் இரண்டு மீன் செத்து மிதந்தன. மற்ற ஒன்பதும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தன. குனிந்து அலமாரியைத் திறந்தேன். இரண்டு சுவிட்சும் அணைந்திருந்தன.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் நின்றுபோன ஃபில்டரை அப்படியே போடக் கூடாது. உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் அழுகி விஷமாகியிருக்கும். கழற்றி, கவிழ்த்து, கழுவித்தான் போட வேண்டும். அரைமணி நேர வேலை. ஆனால் ஹால் நடுவில் உட்கார்ந்து ஃபில்டரைக் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் மாமா நின்றுகொண்டிருந்தார், மனைவி பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் இரண்டு சுவிட்சையும் போட்டு அலமாரியை மூடினேன்.

ஃபில்டர் குழாயிலிருந்து தொட்டிக்குள் கன்னங்கரேலென்று தண்ணீர் கொட்டியது. சாக்கடை நாற்றம் வீடு முழுக்க. ஒன்பதில் ஒன்றாவது பிழைத்திருக்கும், அதையும் என் கையாலேயே கொன்றேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. மண்டையன்தான் கடைசி.

என்ன நாற்றம், எப்படி ஆச்சு என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். தீனி மிஞ்சி அழுகியிருக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எவ்வளவு போட்டீர்கள் என்று மாமாவிடம் திரும்பினேன்.

"முதல் ரெண்டு நாள் ஒண்ணு. அப்புறம் நீங்க சொன்னபடி ரெண்டு."

"நான் எப்ப மாமா சொன்னேன்?"

யோசித்துச் சொன்னதில்லை. யோசிக்காமல் சொன்னது என்பதால் பாவம் குறைந்துவிடுமா என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

"ஃபோன்ல... இன்னும் ஒரு கரண்டி கூடன்னு..."

"பசியா இருக்கும்னுதான் சொன்னேன். கூடப் போடச் சொல்லலையே."

அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தன்னைச் சந்தேகப்பட்டார். உதட்டை அசைத்து அசைத்து அந்தப் பேச்சை மறுபடி ஞாபகப்படுத்திப் பார்ப்பது தெரிந்தது. அப்புறம், அப்படியா, சொல்லவில்லையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யானைக்கும் அடி சறுக்கும், மீன்தானே அப்பா என்று மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் வாளியில் மீன்களை அள்ளிக்கொண்டிருந்தேன். என்னையும் பாவம் என்றுதான் அவள் பார்த்தாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த வாரமே மாமா கடையில் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தரம் படிக்க ஆரம்பித்தார். அப்புறம், எடுத்த மாத்திரையைப் பக்கத்தில் வேலை செய்கிற பெண்ணிடம் காட்டிச் சரிதானா என்று கேட்க ஆரம்பித்தார். பத்து வருஷமாக ஒரே மாத்திரை வாங்குகிற ஒருவர் வந்து நின்றபோது, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்தாராம். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மீனுக்கே அளவு தப்பிப் போட்டவன் மனுஷனுக்கு எப்படி எடுத்துக் கொடுப்பது என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் அதை என்னிடம் சொல்லி அழுதாள். நரம்பு டாக்டரிடம் காட்ட நாள் வாங்கியிருந்தாள்.

மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். காலித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காபி குடித்தேன். காறித் துப்ப வேண்டிய பிறவி. ஆனால் டாக்டரிடம் போய், அவர் ஏதோ மாத்திரை எழுதி, மாமா அதையும் ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று நினைத்தபோது தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்சி ஹாரனிலிருந்து ஆரம்பித்து, சுவிட்ச், கறுப்புத் தண்ணீர், ஃபோனில் நான் சொன்னது, சொல்லவில்லை என்று சாதித்தது, ஒன்று விடாமல். மாமா கேட்டு முடித்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இவ சொல்லிக் குடுத்தாளா, நீங்களாவே யோசிச்சீங்களா?"

"நடந்ததைச் சொல்றேன் மாமா. நான் பொய் சொன்னேன்."

"பிள்ளை மாதிரி வளர்த்தீங்க. பதினொண்ணும் போச்சு. அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. இப்ப பழியையும் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க. எனக்கு ஒரு மகன் இருந்தா இவ்வளவு செய்வானா, தெரியல."

அப்படி இல்லை என்றேன். சத்தியம் செய்தேன். குரல் உயர்ந்துவிட்டது, மேசையைக்கூடத் தட்டினேன். நான் எவ்வளவுக்கு எவ்வளவு சாதித்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர் முகம் கனிந்தது. மனைவி என் தோளைத் தொட்டுப் போதும் என்றாள். கண் நிறைந்திருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்குக் கூசிப்போய்த் தரையைப் பார்த்தேன். முதல் பொய்யை ஒரே வாக்கியத்தில் நம்பினார்கள், உண்மையை ஒரு மணி நேரம் சொல்லியும் நம்பவில்லை.

மாமா எழுந்து உள்ளே போய் மருந்துக் கடைச் சாவியை எடுத்து வந்தார். முதலாளி அவரை நம்பிக் கொடுத்து வைத்திருந்த சாவி.

"நாளைக்கு அந்தப் பக்கம் போறப்ப இதைக் கடையில குடுத்துடுங்க மாப்பிள்ளை. நான் போனா இருங்கன்னு சொல்வாங்க. எனக்கு மறுத்துப் பேச வராது."

எனக்கும் வரவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.