இறங்குகிற ஒத்திகை

என் வீட்டுக்காரர் மின்விசிறித் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தவர். ஒவ்வொரு விசிறியையும் ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, "சத்தம் வருது, திருப்பி அனுப்பு" என்று சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப விசிறி இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டார்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா ஊருக்குப் போய் ஆறு மாதம் அவளோடு இருக்க வேண்டும். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. டாக்டரும் கையை விரித்துவிட்டார். "பார்வை இருக்கறப்பவே உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துடறேன், வந்து சேரு" என்று போனில் சொன்னாள். இவரிடம் சொன்னேன்.

"போகலாம். ஆனா வசதியாப் போகணும்" என்றார். அந்த 'ஆனா' ஒரு வருஷத்தைத் தின்றது.

நெடும்பயணத்துக்கு யோசனை சொல்லும் வீடியோ ஒன்றையும் இவர் விட்டுவைக்கவில்லை. துணியை மடிக்காதே, சுருட்டு என்றான் ஒருவன். சுருட்டினார். சுருட்டாதே, மடி என்றான் இன்னொருவன். பிரித்து மடித்தார். இந்த இழுபறியில் குளித்துவிட்டு வந்தால் எனக்கு மாற்றுத்துணி கிடையாது.

பிறகு ஒத்திகை ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசை நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துப் போட்டு, என்னை உட்காரவைத்து, பயணத்துக்கென்று வாங்கிய தலையணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழக் கூடாதாம்.

"அடுப்புல பால் வச்சிருக்கேங்க."

"ரயில்ல ஏது அடுப்பு? உக்காரு."

கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசனை வந்தது. "பக்கத்துப் பெட்டியில ஏதோ கருகுது" என்றார், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல். அந்தப் பாத்திரத்தைத் தேய்த்தது நான்தான்.

ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு குறை கிடைத்தது. பெட்டியை உருட்டிவிட்டு, தரையில் மண்டியிட்டு, சக்கரத்தில் காதை வைத்தார். "சத்தம் வருது." பெட்டி கடைக்குத் திரும்பிப் போனது. எடுத்திருந்த டிக்கெட்டையும் ரத்து செய்தார்.

ஒருநாள் அக்கா பேசும்போது, "நேத்து பக்கத்து வீட்டுக்காரிய, குரல வச்சுத்தான் யாருன்னு கண்டுபிடிச்சேன்டி" என்றாள், சும்மா பேச்சோடு பேச்சாக. போனை வைத்துவிட்டு நேரே இவரிடம் வந்தேன்.

"அவ கண்ணு நிக்குமா, உங்க ஒத்திகை முடியறவரைக்கும்?"

தலையணையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, கடைசி ஒத்திகை. நிஜ ஸ்டேஷன்ல, நிஜ வண்டியில. ஏறி, பெட்டிய மேல வச்சு, உக்காந்து பாத்துட்டு இறங்கிடணும்" என்றார். அதற்கு நிஜ டிக்கெட்டே வாங்கினார். டிக்கெட் கையில் இல்லாவிட்டால் பதற்றம் சரியாக வராதாம், சோதனை செல்லாதாம். அக்கா ஊருக்கு டிக்கெட் வாங்கிவிட்டு வீட்டுச் செருப்போடு ரயிலுக்கு வந்த மனிதரை வேறு எங்கே பார்ப்பது?

ஏறினோம். மாற்றி வாங்கிய பெட்டி முனகாமல் உருண்டது, மேலே ஏறிக் கச்சிதமாக உட்கார்ந்தது. இவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பிரமாதம். வா, இறங்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் அசையவில்லை.

ஜன்னலுக்கு வந்தார். "ஏம்மா, இறங்கற பாகம் பாக்கி இருக்கு."

"அத அக்கா ஊர்ல செஞ்சுக்கறேங்க."

"இது ஒத்திகைம்மா."

"உங்களுக்கு."

வண்டி நகர்ந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தார். "தண்ணி குடிச்சுக்கிட்டே இரு. கால நீட்டி வச்சுக்கோ, வீங்கிடும். பணத்த ஒரே எடத்துல வைக்காத." கடைசியில், கழுத்தில் மாட்டியிருந்த தலையணையைக் கழற்றி ஜன்னல் கம்பி வழியாகத் திணித்தார். மனசு இளகியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இறங்குகிற அளவுக்கு இளகவில்லை.

அந்தத் தலையணையில் சுகமாகத் தூங்கினேன். இதை அவரிடம் சொல்வதாக இல்லை.

அக்கா கதவைத் திறந்தாள். வருகிறேன் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. இப்போதும் வாயைத் திறக்கவில்லை; குரலை வைத்து அவள் கண்டுபிடித்துவிடக் கூடாது. என் மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தாமதமாக வந்துவிட்டேனோ?

"அடிப்பாவி," என்றாள். "முன்னந்தலையெல்லாம் இப்படி நரைச்சுப்போயிருக்கு, ஒரு வார்த்த சொல்லலியே நீ."