வெல்லம் தின்ற குதிரை

குதிரையின் கீழுதட்டிலிருந்து பழுப்பு நிற எச்சில் நூலாக இறங்கி, காற்றில் கொஞ்சம் ஆடி, அறுந்து விழுந்தது. விழுந்த இடத்தில் ஏற்கெனவே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நசீரா சாப்பாட்டு கேரியரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பஞ்சக்கரை ரோட்டோரத் தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்கு முன்னால், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி எவர்சில்வர் தூக்கிலிருந்து உருண்டை உருண்டையாக எடுத்துக் குதிரையின் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கடலைப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய் எல்லாம் போட்டுக் கிளறியது. பாதி உள்ளே போயிற்று. மீதி அவள் மணிக்கட்டில் வழிந்தது. அந்தக் கையை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 

"நம்ம நூரி இன்னிக்கு எத்தன தூக்கு காலி பண்ணுச்சு தெரியுமா?" என்றான் அவள் கணவன் கியாசுதீன், பெண்மணி போனதும். அவன் முகத்தில் பெருமை பொங்கி வழிந்தது.

நசீராவுக்கு வேலை புத்தூரில், ஒரு தனியார் மருத்துவமனையில். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைக் கழுவிக் கட்டுவது. காலையில் கையுறை மாட்டினால் மாலைவரை காலும் காலுமாகத்தான் அவள் நாள் போகும். வெடித்த குதிகால், கருத்த விரல், பஞ்சை எடுத்ததும் எழும் அந்த நாற்றம். வலியில் அலறுகிறவர்களைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. "ஒரே ஒரு லட்டுதாம்மா, பேத்தி பொறந்தநாளு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. அப்படிச் சொன்னவரின் விரலை அடுத்த மாதம் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் சோற்றில் கை வைக்கும்போது அந்த வாடை வரும். அவள் கரண்டியால் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

கியாசுதீன் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன். வந்ததும் கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்கென்று இந்த வெள்ளைக் குதிரையை வாங்கினான். இரண்டு வருடம் அது நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளைகளைச் சுமந்தது, பேண்டு சத்தத்துக்கு மிரளாமல் நின்றது. பிறகு ஒரு நாள், இந்த வழியாகப் போன யாரோ ஒரு பெண் பரீட்சைக்கு முன்னால் குதிரைக்கு வெல்லம் கொடுத்தாளாம். அவளுக்கு மெடிக்கல் சீட்டுக் கிடைத்துவிட்டதாம். ஹயக்ரீவர் குதிரை முகம் கொண்ட பெருமாள், படிப்புக்கு அதிபதி, அவரே வெள்ளைக் குதிரையாக இங்கே நிற்கிறார் என்று பேச்சுக் கிளம்பிற்று. மாசி பிறந்தால் போதும், ஸ்ரீரங்கத்து அப்பா அம்மாக்கள் தூக்கும் தட்டுமாக வரத் தொடங்கிவிடுவார்கள். குதிரையை யாரும் கல்யாணத்துக்குக் கூட்டிப் போவதில்லை. அது நின்றது, தின்றது, மறுபடி நின்றது.

கியாசுதீன் அவர்களிடம் எதுவும் வாங்கியதில்லை. அதுதான் நசீராவுக்கு இன்னும் எரிச்சல். அவனுக்கு வேண்டியது வேறு. தம்மாமில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. ஊர்வலத்தில் கடிவாளம் பிடித்து நடந்தபோதும் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது நாமம் போட்ட பெரிய மனிதர்கள், "பாய், சித்த நேரம் நிக்கலாமா?" என்று அவனிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறார்கள்.

கேரியரை வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் நசீரா கவனித்தாள். குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்பக்கம் தள்ளி, எதன் மேலோ சாய்கிற மாதிரி நின்றது. தரையில் கால் ஊன்ற முடியாதவர்கள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் பின்னால் சாய்வார்கள்.

"ஏங்க, இது ஏன் இப்படி நிக்குது?"

"வயிறு நெறஞ்சிருக்குல்ல. அப்படித்தான் நிக்கும்."

மறுநாள் அவளே கால்நடை மருத்துவர் ஜென்சியைக் கூட்டிவந்தாள். ஜென்சி குதிரையின் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். பிடரி மயிருக்கு அடியில் கொழுப்பு மேடு கட்டி, தன் கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வால் முளைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கொழுப்புத் திட்டு, தொட்டால் குலுங்கியது. முன்னங்குளம்புகள் சூடாக இருந்தன. இடது குளம்பைத் தூக்கி ஓரிடத்தில் கத்தியால் சீவியதும் கறுப்புச் சீழ் பீறிட்டு வந்தது. ஜென்சிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். நசீரா திருப்பவில்லை. அந்த வாடை அவளுக்குத் தெரிந்ததுதான்.

"மனுசங்களுக்கு சுகர் வர்ற மாதிரிதாங்க இது," என்றார் ஜென்சி. "இனிப்பும் கொழுப்பும் சேந்து குளம்புக்குள்ள இருக்குற சதையக் கெடுத்துடுது. உள்ள எலும்பு தொங்கிட்டு இருக்கு. அந்தப் புடிமானம் விட்டுப்போய் எலும்பு கீழ எறங்கிடுச்சுன்னா அப்புறம் எழுப்ப முடியாது. ஊசி போட்டு அனுப்பிட வேண்டியதுதான்."

கியாசுதீன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

வெல்லம், பருப்பு, தவிடு, பழம் எதுவும் கூடாது. காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, இனிப்பு இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அளவாகப் போட வேண்டும். அதற்காக ஒரேயடியாகப் பட்டினியும் போடக் கூடாது, இத்தனை கொழுப்பு இருக்கிற குதிரைக்கு அது வேறு ஆபத்து. காலுக்கடியில் மணல் மெத்தை. வலி குறைந்த பிறகுதான் நடை. ஜென்சி சொல்லச் சொல்ல கியாசுதீன் தலையாட்டினான். வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னான்.

ஒரு வாரத்தில் சீழ் கூடியிருந்தது. சாயங்காலம் கட்டு மாற்ற வந்த நசீரா, கொட்டகைக்குப் பின்னால் கியாசுதீன் குதிரையின் மூக்கோடு மூக்கு வைத்து நிற்பதைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையில் அச்சு வெல்லம். குதிரை அதை நக்கியது. உதட்டை மேலே மடித்து, மஞ்சள் பல்லைக் காட்டி, அவன் விரலிடுக்கை நக்கியது. அவனும் அதற்கு ஈடாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு முகமும் ஒன்றுபோல இருந்தன.

"என்னைப் பாத்து கனைக்குது நசீரா. பசிக்குதுங்குது. நான் என்ன செய்வேன், சொல்லு?"

"கண்றாவி! கைய கழுவுங்க மொதல்ல," என்றாள். "நாளையிலேருந்து நீங்க இது பக்கமே வரக்கூடாது. நான் பாத்துக்கறேன்."

"உனக்குத்தான் அதக் கண்டாலே ஆகாதே."

"ஆகாதுதான்," என்றாள் நசீரா.

அவளுக்குப் பிடிக்கவே இல்லை. விடியற்காலையில் வந்து சாணி அள்ளினாள். புல்லை ஊறப்போட்டாள், அந்தத் தண்ணீர் மாலைக்குள் புளித்துக் கள் மாதிரி நாறும். குளம்பைப் பேதி உப்பு கரைத்த வெந்நீரில் முக்கி, பஞ்சு வைத்து, பட்டைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். தீனி நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாயில் கயிற்றுக் கூடை மாட்டினாள். குதிரை கனைத்தது, தோளில் முட்டியது, ஒரு தரம் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. "போ சனியனே," என்று மூக்கில் ஒரு அடி கொடுத்தாளே தவிர, ஒரு வெல்லக்கட்டி கொடுக்கவில்லை. அது எப்படிப் பார்த்தாலும் அவள் மனதில் ஒன்றும் ஆகவில்லை.

கொட்டகைக்கு முன்னால் கயிறு கட்டி, 'உணவு கொடுக்காதீர்கள்' என்று அட்டை எழுதி மாட்டினாள். பங்குனியில் கூட்டம் வந்தது. அட்டையைப் படித்துவிட்டுக் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார்கள்.

"நாங்க என்ன விஷமா தரோம்?" என்றாள் சித்தார்த்தின் அம்மா, அந்தப் பட்டுப்புடவைக்காரி. மகன் இரண்டாவது முறையாக நீட் எழுதுகிறான். "பெருமாளுக்குப் படைச்சு அம்சே பண்ணிட்டுக் கொண்டு வரோம். அதைத் தடுக்கப்படாது. வாயில என்ன கூடை? பாபம்!"

பின்னால் நின்ற ஒருவர், "பாய் சம்சாரத்துக்கு நம்ம பெருமாளைக் கண்டா ஆகலை போலருக்கு," என்றார், கேட்கட்டும் என்றே.

கியாசுதீன் ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். "விட்டுடு. ஒரு உருண்டைதானே. நாளைக்கு ஊருக்குள்ள பேச்சு வேற மாதிரி போயிடும், நசீரா. நாம இங்கதான் இருந்தாகணும்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தின் மேலும் அருவருப்பு வந்தது. அவள் குனிந்து குதிரையின் இடது முன்னங்காலை மடக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு கட்டை அவிழ்த்தாள். பஞ்சு கறுப்பும் பச்சையுமாக நைந்து வந்தது. நாற்றம் தோப்பு முழுக்கப் பரவியது.

"கிட்ட வாங்கம்மா. வந்து மோந்து பாருங்க. நீங்க குடுத்ததெல்லாம் இங்கதான் எறங்கியிருக்கு."

சித்தார்த்தின் அம்மா ஓரடி முன்னால் வந்தாள். அவ்வளவுதான். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தென்னை மரத்தடிக்கு ஓடி ஓங்கரித்தாள். பிறகு குழாயடியில் நின்று, குதிரைக்கு ஊட்டிய அந்தக் கையை மண் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மற்றவர்கள் அதற்குள் தட்டுகளை மூடிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பாய் வீட்டுக் குதிரைக்குக் குஷ்டமாம் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் வராததுதான் நசீராவுக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் இவ்வளவு சீக்கிரமா என்று அவளுக்கு வாய் கசந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களில் ஒருத்தர், பிழைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கியாசுதீன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். டீக்கடையில் இவன் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுகிறாராம். அவன் அதை அவளிடம் சொல்லவில்லை, அவன் தங்கைதான் சொன்னாள்.

சித்திரையில் ஒரு காலை சித்தார்த்தின் அம்மா தனியாக வந்து கயிற்றுக்கு வெளியே நின்றாள். கையில் தூக்கு இல்லை.

"அது... நான் குடுத்ததுனாலதான் அப்படி ஆயிடுத்தா?"

"நீங்க மட்டும் குடுக்கலையே."

"இல்லை, அது ஏதாவது தோஷமாகி... அவனுக்குப் பரீட்சை வர்றது. அதான் கேட்டேன்."

நசீரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, தூங்கிப் பல நாள் ஆன முகம். திட்டுவதற்கு வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு புல் ஊறிய அண்டாவைக் காட்டினாள். "அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டுங்க."

அவள் புடவையைச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொட்டினாள். பரீட்சைவரை தினமும் வந்து கொட்டினாள். பரீட்சைக்குப் பிறகு வரவில்லை. நசீராவும் எதிர்பார்க்கவில்லை.

குதிரை இளைத்தது. முதலில் வால் பக்கத்துத் திட்டுகள் கரைந்தன. பிறகு அழுத்தினால் விலா எலும்பு கைக்குப் பட்டது. கழுத்து மேடு மட்டும் காற்றுப் போன பை மாதிரி தொங்கியது. சீழ் நின்றது. ஜென்சி குளம்பைத் தட்டிப் பார்த்து, "எலும்பு எறங்கலைன்னுதான் நெனைக்கிறேன். இனிமே மெதுவா நடத்திப் பாருங்க," என்றார். "ஆனா இது ஆயுசுக்கும் பத்தியந்தான். ஒரு தடவ பழையபடி ஆச்சுன்னா அவ்வளவுதான்."

ஆனி மாதம், கொள்ளிடம் வற்றி அங்கங்கே தேங்கிக் கிடந்த ஒரு காலையில், நசீரா குதிரையை ஆற்று மணலுக்கு இறக்கினாள். கியாசுதீன் கரைமேல் நின்றான். கீழே வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மணலைக் கண்டதும் குதிரை மூக்கைத் தாழ்த்தி முகர்ந்து, முழங்காலை மடித்து, தொப்பென்று விழுந்து புரளத் தொடங்கியது. நான்கு காலும் வானத்தைப் பார்த்தன. இனி எழுந்திருக்குமா? "எந்திரி... எந்திரி, பொணமே," என்று கயிற்றை இழுத்தாள். கரைமேலிருந்து கியாசுதீன் ஏதோ கத்தினான்.

குதிரை பின்னங்காலை உதைத்து எழுந்தது. எழுந்ததும் உடம்பு முழுக்க உதறியது. மயிரும் மணலும் வியர்வையும் நசீராவின் முகத்தில், திறந்திருந்த வாயில் வந்து அடித்தன. அவள் கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்து காறிக் காறித் துப்பினாள். நாக்கில் குதிரை வாடை ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது குதிரை தேங்கிய நீரை நோக்கித் தானாகவே நடந்துகொண்டிருந்தது. கயிறு பக்கத்தில் இழுபட்டுக்கொண்டே போனது. ஈர மணலில் குளம்படிகள் வரிசையாக விழுந்திருந்தன. இடது முன்னங்குளம்பு மட்டும், இன்னும் பாரத்தை முழுதாக ஊன்றாமல், மேலாகப் பதிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆழமான தடங்களில் அடியிலிருந்து தண்ணீர் ஊறி ஒவ்வொன்றாக நிறைந்தது. மேலாகப் பதிந்திருந்ததிலும், கொஞ்சம் தாமதமாக, லேசாக ஈரம் மினுங்கத் தொடங்கியது.