பயணம் சொன்னவன்

தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் யூனுஸ் பயணம் சொல்லி முடித்த பிறகுதான் கப்பல் பழுதாயிற்று.

தஞ்சாவூர் கீழவாசலில் முஸ்லிம் குடும்பங்களுக்குள் அது ஒரு வழக்கம். ஹஜ்ஜுக்கோ மலாயாவுக்கோ போகிறவன் வீடு வீடாக ஏறி இறங்குவான். "பயணம் சொல்ல வந்தேன். ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா மனசுல வச்சுக்காதீங்க. துஆ செய்ங்க" என்பான். வீட்டிலுள்ளவர்கள் அழுவார்கள். கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள். அத்துடன் எல்லாம் நேராகிவிடும். அதன் பிறகு அவன் அந்தத் தெருவில் தென்படக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. வெட்கம்தான்.

எதிர் டீக்கடை அல்லா பிச்சை வாலிபத்தில் பினாங்குக்குப் பயணம் சொன்னவர். கடைசி நேரத்தில் அது தட்டிப் போயிற்று. மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது போல் கடைத்தெருவுக்கு வந்து வெற்றிலை வாங்கினார். அன்று வைத்த பேர் பினாங்கு பிச்சை. இன்றுவரை அவர் திருச்சியைத் தாண்டியதில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏஜெண்டு கையை விரித்தபோது யூனுஸுக்குப் பிச்சையின் முகம்தான் நினைவு வந்தது.

"மெட்ராஸ்ல மெஷினக் கழட்டிப் போட்டிருக்கான் பாய். அடுத்த சனிக்கிழம கண்டிப்பா வந்துரும்," என்றார் ஏஜெண்டு.

அத்தா நெய்னா முகம்மது மகனைப் பார்த்தார். கழுத்தில் போட்ட மாலை பெட்டிக்கு மேல் வாடிக் கிடந்தது.

"வீட்டுக்குத்தான் போகணும்," என்றார். "தெரு வழியா வேணாம்."

ஸ்டேஷனிலிருந்து திரை இறக்கிய குதிரை வண்டியில் கொல்லைச் சந்து வழியாக வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்த அம்மா ரஹ்மத் பீவி மகனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாடிக்குப் போடா. பக்கத்து வீட்டு ரசியா மாமி பாத்தா தொலஞ்சோம். ஒனக்காக அழுததுல அவளுக்கு இன்னும் தலவலி தீரல."

"அவங்க குடுத்த நானகத்தான் பிஸ்கட் டப்பாவ என்ன பண்றது?"

"தின்னு. ஒரு வாரம் வேற என்ன வேல ஒனக்கு?"

அவன் போகவிருந்தது பிலிப்பைன்ஸுக்கு. கப்பலில் சிங்கப்பூர், அங்கிருந்து மணிலா. மணிலாவுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே அவனுக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. படிக்கப் போவது நெல். இதைத் தெரு லேசில் விடவில்லை. டாக்டருக்குப் படிக்க லண்டன் போனால் புரியும். தஞ்சாவூரிலிருந்து ஒருவன் நெல்லைப் படிக்கக் கடல் தாண்டுகிறான் என்றால் என்ன செய்வது? "அவங்க ஊர்லதான் மொதல்ல மொளச்சுதாமா?" என்று பிச்சை ஒவ்வொரு நாளும் கேட்டார்.

மாடி என்பது அத்தாவின் சாக்குக் கிடங்கு. கீழே கடை. தை மாதத்தில் கிடங்கு காலியாக இருக்க வேண்டும். அறுப்புக்குச் சாக்கு வாங்க வண்டிகள் வரிசையில் நிற்கும். இந்த வருஷம் கட்டுகள் உத்தரம் வரை அடுக்கியபடி கிடந்தன. கிழக்கே பல ஊர்களில் அறுப்பு நின்றிருந்தது. கலத்துக்கு அரைப்படி கூலி கூடக் கேட்டார்கள் ஆட்கள். முடியாது என்றார்கள் மிராசுதார்கள். வரப்பில் செங்கொடி, சாலையில் போலீஸ் வண்டி. கூலிச் சண்டையில் ஆட்களின் குடிசைகள் எரிந்த அந்த மார்கழிக்குப் பிறகு இரண்டு பக்கமும் சத்தமாகப் பேசப் பயந்தார்கள். சத்தமில்லாமல் பிடிவாதம் பிடித்தார்கள்.

"கவர்மெண்டு மாறிப் போச்சு," என்றார் அத்தா, விற்காத சாக்கைத் தட்டியபடி. "அளக்கற மரக்கால் மாறலியே."

யூனுஸ் ஜன்னலோரம் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். மேற்கே பெரிய கோயில் விமானம். அதற்கு இப்பால் அரண்மனை. கீழே தெரு. இந்த ஊரை அவன் காலால் அறிந்தவன். எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம், எந்தக் கடையில் பரோட்டா தீர்வதற்குள் போக வேண்டும், ஆற்றில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பதெல்லாம் தெரியும். தான் இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று மட்டும் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தான். முதல் நாள் டீக்கடையில் அவன் பேச்சாகவே இருந்தது.

"இந்நேரம் அந்தமானத் தாண்டியிருப்பான்," என்றார் பிச்சை.

"கடல் ஒத்துக்குமா அவனுக்கு? பஸ்ஸுலயே வாந்தி எடுக்கற பய," என்றது ஒரு குரல்.

அது உண்மைதான். மறுக்கவும் வழியில்லை.

இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது. மூன்றாம் நாள் அவன் பேரை யாரும் எடுக்கவில்லை. பிச்சை சர்க்கரை ரேஷனைத் திட்டினார். அவன் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்து பேப்பர் படித்தான். யூனுஸ் ஜன்னலை விட்டு நகர்ந்தான். டப்பாவைத் திறந்து நானகத்தான் இரண்டு தின்றான். தின்றுகொண்டிருக்கும்போதே ஏதோ இலேசாயிற்று. தான் கைவிட்டுப் போவதால் ஊர் சாய்ந்துவிடும் என்பது போல இத்தனை மாதம் ஒரு பாரம் சுமந்திருந்தான். ஊர் சாயவில்லை. அது பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போதும் இருக்கும்.

ஆனால் ஒரு முள் மிச்சமிருந்தது. அதன் பேர் மருதையன்.

மருதையன் கல்லூரியில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தாவரவியல் படித்தவன். வெண்ணாற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் பண்ணையில் கூலி வேலை. படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டான். மணிலாவில் இடம் கிடைத்த செய்தியோடு யூனுஸ் அவனைப் பார்க்கப் போனது ஆவணியில்.

"ஏக்கருக்கு எத்தன மூட்டைன்னு அங்க சொல்லித் தருவான்," என்றான் மருதையன். "மூட்டைல எங்களுக்கு எத்தன படின்னு எந்த ஊர்ல சொல்லித் தரான்?"

"அது என் பாடம் இல்லடா," என்றான் யூனுஸ்.

விளையாட்டாகச் சொன்னதுதான். மருதையன் எழுந்து போய்விட்டான். அதன் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் பயணம் சொன்ன யூனுஸ் அவனுக்குச் சொல்லவில்லை. போனால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று பயம்.

நான்காம் நாள் காலையில், வெளியே எங்கேயும் போக முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவனுக்கு ஒன்று உறைத்தது. ஊரில் எல்லோருக்கும் பயணம் சொல்லியாயிற்று. எல்லோரிடமும் முகம் காட்ட வெட்கம். பயணம் சொல்லாத ஆள் ஒருவன்தான். ஆகவே முகம் காட்டக் கூடிய ஆளும் அவன் ஒருவன்தான்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தான்.

"எங்கடா?" என்றாள் அம்மா.

"பயணம் சொல்ல."

"இன்னுமா பாக்கி?"

பஸ்ஸில் வாந்தி வரவில்லை. இறங்கி வரப்பில் நடந்தான். இரண்டு பக்கமும் நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. அரிவாள் ஒன்றும் கண்ணில் படவில்லை. புங்கமரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கொடி நட்டிருந்தது. மருதையன் நிமிர்ந்து பார்த்தான். தாடி வளர்ந்திருந்தது.

"நீ போயிட்டேன்னாங்க."

"போயிட்டேன். ஒங்கிட்டேருந்து மட்டும் இன்னும் போகல."

மருதையன் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த சங்கத்து மூத்த ஆள் துரைராசு சிரித்தார். "யாரு, நம்ம சாக்குக் கடை பாய் மகனா? ஒக்காருங்க தம்பி. அறுப்பு இல்லாம அங்கயும் ஈ ஓட்டறாங்களா?"

"ஆமாங்க."

யூனுஸ் உட்காரவில்லை. கை தானாகப் பக்கத்துக் கதிரைத் தொட்டுப் பார்த்தது. புது ரகம். "இன்னும் மூணு நாள் போனா கொட்ட ஆரம்பிச்சுரும்," என்றான்.

"தெரியும்," என்றான் மருதையன். "அவங்களுக்கும் தெரியும். அதான் நாளன்னிக்கு தாசில்தார் முன்னால பேச வராங்க."

காற்றில் நெல் உரசியது. யூனுஸ் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினான். எத்தனையோ வீட்டு வாசலில் தண்ணீர் மாதிரி வந்த வார்த்தை இங்கே அடைத்துக்கொண்டது.

"பயணம் சொல்ல வந்தேன்," என்றான். "நான் ஏதாச்சும்..." நிறுத்தினான். "அன்னிக்கு என் பாடம் இல்லன்னு சொன்னது. மனசுல வச்சுக்காதே."

துரைராசுதான் பேசினார். "வெறுங்கையோடவா அனுப்பறது? ஒரு கதிர் ஒடிச்சுக் குடுடா. கடல் தாண்டிப் போற புள்ள."

"பேசி முடியற வரைக்கும் வயல்ல கை வைக்கறதில்லன்னு சொல்லியிருக்கோம்," என்றான் மருதையன். "ஒரு கதிர்னாலும் கதிர்தான்."

"அப்ப வாயாலயாவது போய்ட்டு வான்னு சொல்லேன்."

"சொன்னது காதுல விழுந்துச்சு. பதிலு பொறகு."

"சனிக்கிழம கப்பல்," என்றான் யூனுஸ்.

"இருக்கட்டும்."

அவ்வளவுதான். யூனுஸ் திரும்பி நடந்தான். கடைசி வரப்பு வரை பின்னால் குரல் கேட்கும் என்று எதிர்பார்த்தான். கேட்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் ஜன்னலிலேயே இருந்தான். தெரு அமைதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தது. பெட்டியை மறுபடி கட்டினான். பதில் இல்லாமலே போக வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்தான். அப்போதுகூடக் காது கீழேதான் இருந்தது.

பகல் சாய்ந்தபோது கீழே வண்டிச் சக்கரம் கடகடத்தது. இன்னொன்று. அத்தாவின் குரல் திடீரென்று பத்து வயது குறைந்து ஒலித்தது. "எத்தன கட்டு? மொதல்ல யாரு வந்தது? தள்ளாதீங்க!" படியேறி வந்தவர்கள் கட்டுகளை இழுத்தார்கள். தூசி எழும்பியது. யூனுஸ் தும்மிக்கொண்டே ஒரு மூலையில் ஒதுங்கினான். அறுப்பு தொடங்கிவிட்டது. பேச்சு முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது?

அப்போது தெருவிலிருந்து ஒரு குரல், சங்கக் கூட்டங்களில் பழகிய குரல், ஓங்கி எழுந்தது.

"யூனுஸு! டேய் யூனுஸு! எறங்கி வாடா!"

டீ ஆற்றும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"அவன் மணிலா போயி ஒரு வாரம் ஆவுதுப்பா," என்றார் பிச்சை.

"மாடிலதாங்க இருக்கான். செவ்வாக்கெழம எங்க ஊருக்கு வந்தான்."

யூனுஸ் கண்ணை மூடினான். பிறகு இறங்கினான். தலையில் சாக்குத் தூசியோடு வாசலில் வந்து நின்றான். தெரு முழுதும் அவனைப் பார்த்தது. ரசியா மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அடப்பாவி! எங் கண்ணீரத் திருப்பிக் குடுடா! நானகத்தான் எங்க?"

"தின்னுட்டேன் மாமி."

தெரு கொல்லென்று சிரித்தது. பிச்சை டவராவைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். இத்தன வருஷம் கழிச்சு என் பேருக்கு ஒரு கூட்டாளி. மணிலா யூனுஸ்! இன்னிக்கு ஜும்மாவுக்கு ஏன்டா வரல?"

மருதையன் பண்ணை வண்டியிலிருந்து குதித்து இறங்கினான். தாடி எடுத்திருந்தான். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து யூனுஸ் கையில் வைத்தான். உள்ளே நெல். வைக்கோல் வாசனை போகாத புது நெல்.

"காலைல அறுத்தோம். அடிச்சுக் களத்துலயே அளந்தாங்க," என்றான். "கலத்துக்கு அரைப்படி கூட. மொதக் கலத்துல கூட வந்த அரைப்படி இது."

யூனுஸ் முடிச்சைப் பிடித்திருந்தான். கனம் பெரிதில்லை.

"இது எந்தப் பாடத்துலடா வரும்?" என்றான் மருதையன். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

"தெரியல," என்றான் யூனுஸ். "அங்க கேக்கறேன்."

"அவனுங்களுக்கும் தெரியலன்னா?"

"ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம்."

மருதையன் அவன் தலையிலிருந்த சாக்கு நாரை எடுத்துப் போட்டான்.

"போய்ட்டு வா," என்றான்.

மறுநாள் காலை யூனுஸ் தெரு வழியாகவே போனான். திரை இறக்கவில்லை. ரசியா மாமி வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "மாமி, பயணம்..." என்று ஆரம்பித்தான்.

"சொன்னது போதும், போடா!" என்றாள் மாமி. கையில் புது டப்பா இருந்தது. "இதையாவது கப்பல்ல ஏறித் தின்னு."

யாரும் அழவில்லை. பிச்சை காசு வாங்காமல் டீ கொடுத்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் நிற்பதை நேரில் பார்த்துவிட்டுத் தந்தி அடிக்கும்படி அத்தாவிடம் சொன்னார். அதுவரை மணிலா யூனுஸ் என்ற பேரை உறுதி செய்ய முடியாது என்றார்.

ரயில் கிழக்கே திரும்பியபோது கோயில் விமானம் ஜன்னலின் ஒரு மூலைக்கு நகர்ந்தது, பிறகு காணவில்லை. யூனுஸ் எட்டிப் பார்க்கவில்லை. மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தான். வழியெங்கும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. குனிந்த முதுகுகள், அரிக்கட்டுகள், களத்தில் மரக்கால். ஒவ்வொரு களத்திலும் அளக்கிறவன் கையைப் பார்த்தான்.

முடிச்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். திரும்பி வந்ததும் சோறாக்கித் தருவதாக அவள் சொல்லியிருந்தாள். ஒரு பிடி மட்டும் சட்டைப் பையில் போட்டிருந்தான். வண்டி குலுங்கும்போதெல்லாம் நெல் நெஞ்சில் குத்தியது. அவன் அதை எடுத்து வேறு இடத்தில் வைக்கவில்லை.