அப்பன் போட்ட சடை

லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அர்த்தநாரி வீட்டோடு வந்து சேர்ந்த அன்று, பெற்ற மகளின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. கதவைத் திறந்த அறிவுமதி, எதிரே நின்றவரைத் தாண்டித் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யாருமில்லீங்கம்மா" என்று சாத்தினாள். திருச்செங்கோட்டுக் கண் டாக்டர் பார்வையில் குறையில்லை என்றார். போனில் கூப்பிட்டால் மட்டும் முகம் மலர்ந்து, "எப்பங்கப்பா வாரீங்க?" என்று கேட்டாள். அவர் பக்கத்துக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார்.

மஞ்சுளாவுக்கு ஆச்சரியப்படக்கூடத் தெம்பில்லை. பிள்ளை தவழ்ந்த காலத்திலிருந்து நாக்பூர், கௌகாத்தி என்று லாரியிலேயே கிடந்த மனிதர் அவள் புருசன். "போனைக் கீழ வெக்காத சாமி, அப்பன் எப்ப வேணாலும் கூப்புடுவேன்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததும் அவர்தான். பிள்ளையும் வைக்கவில்லை. அவர் கூப்பிடாத நேரத்துக்கெல்லாம் அந்தப் போனுக்குள் வேறு என்னென்னவோ வந்து குடியேறிவிட்டது. சோறு ஆறியது, மார்க்கு இறங்கியது, தூக்கத்திலும் அவள் கட்டைவிரல் எதையோ மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. யாரைக் குற்றம் சொல்ல?

ஒருநாள் அர்த்தநாரி பொறுக்கமாட்டாமல் போனைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தார். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"புள்ள எங்கடி?"

"உங்க முன்னாலதானுங்க நிக்குது!"

இத்தனை வருசமும் அவரும் அவளைப் போனில்தானே பார்த்தார்! அதற்குப் பின் அந்த வீட்டில் இருவரும் தெரிந்தது மஞ்சுளா ஒருத்திக்குத்தான். குழம்பு கேட்டாலும் கோபித்துக்கொண்டாலும் பேச்சு அவள் வழியாகவே போய் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "செல்போன் டவராட்டம் நானே நடுவுல நின்னுக்கிட்டு இருக்கோணுமா?" என்று புருசன் கையை இழுத்து மகள் தலையில் வைத்து, சீப்பைத் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தார்ப்பாய்க்குக் கயிறு கட்டிப் பழகிய கை அது. கண்ணுக்குத் தெரியாத கூந்தலைத் தடவித் தடவிப் பின்னி, நுனியில் லோடுக்குப் போடும் முடிச்சையே ரிப்பனில் போட்டுவிட்டார். "மெதுவாங்கப்பா" என்றாள் மகள்.

இன்றும் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஆனால் காலையில் அவள் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள். பின்னுகிற வரைக்கும் அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்கிறது. கோணல் சடையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சிரித்தார்களாம், டீச்சர் அவிழ்க்கப் பார்த்தும் முடிச்சு விடவில்லையாம். "இருக்கட்டுங்க டீச்சர், எங்கப்பா போட்டது" என்றாளாம்.