ஒரு முகம் மட்டும்

இருட்டு பிரியும் முன்பே தீபாவளிச் சரக்கு லாரி வந்து நின்றது. சேலைக் கட்டுகளைச் சுமந்து மூன்று மாடி ஏற வேண்டும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். டார்லின் ஒரு கட்டைத் தலைக்கு ஏற்றினாள். சாக்கின் முரட்டு விளிம்பு நெற்றியில் அறுத்தது. புதுத்துணியின் கஞ்சி வாடை தொண்டையில் போய் உட்கார்ந்தது. படிக்கு ஒரு வரியாக அடக்கவிலைக் கணக்குப் பாடத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே ஏறினாள்.

ராதாபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு இந்த ஜவுளிக்கடை வேலைக்கு வந்தவள், ஆன்லைனில் பி.காம். சேர்ந்திருந்தாள். கடையடைத்த பிறகு குளியலறை வரிசையில் நின்றபடி, துணி அலசியபடி, ஆசிரியரை ஒன்றரை மடங்கு வேகத்தில் பேசவிட்டுக் கேட்பாள். அதுதான் அவளுடைய கல்லூரி.

பரீட்சையும் செல்போனில்தான். கேமரா முன் ஒரு முகம் மட்டும் இருக்கலாம். வேறு முகம் தெரிந்தால் தாள் ரத்து. வேறு குரல் கேட்டால் ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டாம் முறை கேட்டால் அதற்கும் தாள் ரத்து. போன முறை, கடையின் மேல்மாடியில் அவர்கள் தங்கும் அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது, கூடத் தங்கி வேலை பார்க்கும் நஃபீஸத் கொடியில் கிடந்த துண்டை எடுக்க உள்ளே வந்துவிட்டாள். அத்தோடு போயிற்று. அதே தாள்தான் இன்று மத்தியானம். இதுவும் தவறினால் வருடம் போய்விடும்.

அன்றிலிருந்து டார்லின் நஃபீஸத்திடம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டு வந்தவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு, அவளைத் திட்டுவதற்கான சொற்களைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத் தூக்கம் கெட்டாள்.

காலையில் எல்லோரையும் நிறுத்திவைத்து முதலாளி பெருமாள்ராஜ் மைக்கில் பேசி முடித்ததும் டார்லின் போய்க் கேட்டாள்.

"ரெண்டு மணிநேரம் போதும் அண்ணாச்சி. மத்தியானம் பரீட்சை இருக்கு."

"ஞாயித்துக்கெழம, கூட்டம் நெரியுத நேரத்துல, ஒனக்குப் பரீட்சை கேக்குதோ?"

"நாள் நான் குறிக்கல. ராத்திரி சேத்து வேலை பாத்துருதேன்."

"படிச்சு முடிச்சு என் கல்லாவுல உக்காரப் போறியாட்டி?"

சூப்பர்வைசர் மகாராஜா சிரித்தான்.

"ஒங்க கல்லா வேண்டாம். பரீட்சைதான் எழுதணும்."

"ஒனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாவளும் கேப்பா. தங்க எடமும் சோறும் போடுதேன். காலேஜும் நானே நடத்தணுமோ? போய் வேலையப் பாரு."

அவர் தலைக்குப் பின்னால், ஒரு பள்ளி மாணவிக்கு லேப்டாப் கொடுத்துச் சிரிக்கும் அவருடைய படம் சட்டம் போட்டுத் தொங்கியது. 'பெண் கல்வியே எங்கள் பெருமை' என்று அதன் அடியில் தங்க எழுத்து.

சேலையை விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். எதிரே நஃபீஸத் குனிந்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு அறையில் பதினாலு பேர், துண்டு காயப்போட ஒரே கொடி. அவள் வேறு எங்கே போய்த் துண்டு எடுப்பாள்? இத்தனை நாள் எரிந்த நெருப்பைப் பக்கத்துப் பாயில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோமே என்று டார்லினுக்கு உடம்பு கூசியது. கொட்ட வேண்டிய இடம் கண்ணெதிரே சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அருகில் போனாள். "மத்தியானம் நான் மேல போயிருவேன். வேலை போனாலும் போட்டும்."

நஃபீஸத் நிமிரவில்லை. "நீ மட்டும் போனா மகாராஜா வந்து கதவத் தட்டுவான். சத்தம் கேட்டாலும் ஆவாதுல்லா?"

"ஆவாது."

"அப்ப நாங்க படியில இருக்கோம்."

பட்டுப் பிரிவில் மூத்தவளான ஆறுமுகத்தாயிடம் நஃபீஸத்தே போய்ச் சொன்னாள். அம்மையின் ஆபரேஷனுக்கு விடுப்புக் கேட்டபோது தனக்கும் இதே பேச்சுத்தான் கிடைத்தது என்றாள் ஆறுமுகத்தாய். அடுத்தடுத்த தளங்களிலும் ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஒன்று இருந்தது.

மத்தியானம் சாப்பிட ஏறியவர்கள் யாரும் இறங்கவில்லை. மேல்மாடி அறைக்கதவை நஃபீஸத் வெளியிலிருந்து சாத்தினாள். வாளியில் சாய்த்து வைத்த போனின் முன்னால் டார்லின் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் தனியாக இருந்ததே இல்லை. சுருட்டி வைத்த பாய்கள்கூட மூச்சை அடக்கியிருப்பதுபோல் தோன்றியது.

கூலி பற்றிய கேள்வி வந்தது. கூலி கொடுத்தும் வேலை நடக்காத நேரத்துக்குக் காரணங்கள் யாவை? மின்வெட்டு, இயந்திரப் பழுது என்று தட்டிக்கொண்டு வந்தவள், 'வேலைநிறுத்தம்' என்ற சொல்லைத் தட்டும்போது விரலை ஒரு கணம் நிறுத்தினாள்.

அப்போது படிக்கட்டில் முதலாளியின் குரல் வெடித்தது. திரையில் சிவப்பு எழுத்து: 'வேறு குரல் கேட்கிறது. முதல் எச்சரிக்கை.' தலையைத் திருப்பக் கூடாது. முதுகு முழுக்கக் காதானது.

"பைய பேசுங்க அண்ணாச்சி." ஆறுமுகத்தாயின் குரல் கதவுக்கு இந்தப் பக்கம் மெலிதாகத்தான் கேட்டது. "இன்னொரு சத்தம் வந்தா, இன்னைக்குப் பூரா ஒருத்தியும் எறங்க மாட்டா."

கீழே மூன்று தளத்திலும் கூட்டம். எடுத்துக் காட்ட ஆளில்லை. சிவப்பு எழுத்து மறைந்தது. மைக் இல்லாமலே முழங்குகிற மனிதர் அடித்தொண்டையில் முணுமுணுப்பது கேட்டது.

எழுதி முடித்துக் கதவைத் திறந்தாள். ஒவ்வொரு படியிலும் பெண்கள் இருந்தார்கள்.

"எழுதிட்டியா?" என்றாள் நஃபீஸத்.

"எழுதிட்டேன். பாஸாவேனான்னு தெரியாது." அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் மூஞ்சியத் திருப்பினது தப்பு."

"அத ராத்திரி பேசுவோம்."

ராத்திரி தங்க இடம் இருக்குமா என்பதே தெரியவில்லை. அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத்தான் முதலாளி இறங்கிப் போயிருந்தார். கீழே மைக் அலறியது. டார்லின் மட்டும் ஆபீசுக்கு வரவும்.

அவள் முன்னால் வந்தாள். "நான் போய்ப் பேசிக்கிடுதேன். ஒங்க வேலைக்குப் பங்கம் வேண்டாம்."

"ஒத்தையில போனா, நீயே வேலைய விட்டுட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவான்" என்று ஆறுமுகத்தாய் எழுந்தாள். புடவைகள் சரசரக்கப் படிக்கட்டு முழுதும் எழுந்தது.

அப்போதும் டார்லின் முதல் ஆளாக இறங்கப் பார்த்தாள். ஆறுமுகத்தாய் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏளா, முன்னாலயும் போவாண்டாம், பின்னாலயும் நிக்காண்டாம். நடுவுல வா."