கடைசி ஆளின் கூட்டு

அன்று தம்போயில் உள்ள வீட்டில் இருந்தவர்கள்: கூட்டுச் சீட்டின் தலைவி புஷ்பவள்ளி, அவள் கணவன் வீரமுத்து, பணம் வாங்க வந்த கஸ்தூரி. பணம் கட்ட வந்திருக்க வேண்டிய எட்டுப் பேரும் வரவில்லை.

மாதம் ஆளுக்கு முந்நூறு வெள்ளிப் பணம். பத்துப் பேர் கட்டுவதை மாதம் ஒருவர் மொத்தமாக எடுப்பார். முதல் மாதம் தலைவிக்கு. கடைசி மாதத்தைக் கஸ்தூரி கேட்டு வாங்கியிருந்தாள். முன்னால் எடுத்தால் செலவாகிவிடும், கடைசியில் எடுத்தால்தான் சேமிப்பு என்று தொழிற்சாலை கேண்டீனில் எல்லோருக்கும் பாடம் வேறு நடத்தினாள். இருபது வயது. எடுத்து முடித்தவன் எதற்காகத் தொடர்ந்து கட்டுவான் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் தாதியர் கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த இடம் போய்விடும்.

"அக்கா, யாரையும் காணோமே?"

"காச எடுத்துட்ட மனோகரன் போன எடுக்க மாட்றான். அவன் கட்டட்டும், அப்புறம் நாங்க கட்றோம்ங்கிறாங்க மத்தவங்க. நான் என்ன, கிட்னியவா விக்கிறது?"

"ஒன்னோடத எவன் வாங்குவான் லா," என்றார் வீரமுத்து, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கஸ்தூரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"தலைவி நீங்கதானே? அவங்க கட்டலன்னா நீங்கதான் தரணும்."

"தரமாட்டேன்னா சொன்னேன்? இன்னிக்குப் புதுக் கூட்டு ஆரம்பிக்குது. என் முத மாசத்த ஒனக்கே தரேன். ஒரு ஆளுதான் கொறையுது. ஆளு முழுசா சேந்தாத்தான் மத்தவங்க காசு அனுப்புவாங்க. நீ சொன்ன பொண்ணு வருதா, இல்லியா?"

பிரேமலா வந்துகொண்டுதான் இருந்தாள். உலு திராம் ஊர்ப் பெண், கஸ்தூரியின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். அவளைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்ததே கஸ்தூரிதான்.

'வராதே' என்று போனில் தட்டினாள். அனுப்பவில்லை. அழித்தாள். மறுபடி தட்டினாள். விரல் வியர்த்து வழுக்கியது.

வாசலில் கார் நின்றது. பிரேமலா செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"கஸ்தூரிக்கா, சம்பளத்த எடுத்துட்டேன். வீட்ல அம்மாகிட்ட சொல்லல. பயமில்லதானே?"

புஷ்பவள்ளி கதவைத் திறந்துவிட்டுக் கஸ்தூரியைப் பார்த்தாள். வீரமுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

கஸ்தூரி போனில் இருந்ததை அழித்தாள்.

"இல்ல. உள்ள வா."

பிரேமலா உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் புஷ்பவள்ளி கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.